துண்டு வெட்டிய பிறகு

"துண்டு வெட்டியாச்சு" என்று விடுதித் தாதி சொல்லும்போது எங்கள் பக்கத்து மனிதர்களின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் எழுதிவிட்டார் என்பதே அதன் பொருள். உடனே கட்டிலின் கீழிருந்து பைகள் வெளியே வரும். சுடுதண்ணீர்ப் போத்தல் கழுவப்படும். ஒருவர் ஓட்டோ பேசப் போவார், இன்னொருவர் கனடாவுக்கோ சுவிசுக்கோ செய்தி சொல்லத் தொலைபேசியை எடுப்பார். வந்த ஆபத்து போய்விட்டது என்ற நிம்மதி எல்லோர் நடையிலும் தெரியும்.

அந்த நிம்மதி அவசரமானது என்பதை நான் 2023ஆம் ஆண்டில் அறிந்துகொண்டேன். அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர் என் மாமி.

மாமி என் தந்தையாரின் மூத்த சகோதரி. கலியாணம் முடித்து உருத்திரபுரத்துக்கு வந்தவர். கரடிப்போக்குச் சந்தியில் ஏ-9 வீதியைவிட்டு மேற்கே திரும்பினால் வயல்களும் தென்னந்தோப்புகளுமாக விரியும் குடியேற்றக் கிராமம் அது. இரணைமடுத் தண்ணீர் வந்து பிரியும் வாய்க்கால்களின் எண்களே அங்கு முகவரி. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றால் தபாற்காரருக்கும் போதும், சம்பந்தம் பேச வருபவருக்கும் போதும். 1996இலும் 2008இலும் அந்த மண்ணைவிட்டு ஓடி, இரண்டு முறையும் திரும்பிவந்து வேலி அடைத்தவர் மாமி. இரண்டாவது முறை திரும்பும்போது ஒரு மகன் உடன் வரவில்லை. அந்த மகனின் மனைவியும் பிள்ளையும்தான் இறுதிவரை மாமியுடன் இருந்தார்கள். மூத்த மகன் ரொறன்ரோவில். வெள்ளிக்கிழமை தவறாமல் உருத்திரபுரீஸ்வரர் கோவிலுக்கு நடந்தே போய்வருவார். எழுபத்துநான்கு வயதிலும் அந்த நடை நிற்கவில்லை.

மாமிக்குப் பல ஆண்டுகளாக உயர் குருதியமுக்கம் இருந்தது. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதாமாதம் லொசாட்டான் என்ற குளிசையைப் பெற்று ஒழுங்காகப் போட்டு வந்தார். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அரச மருந்தகங்களில் பல மருந்துகள் இல்லாமற்போயின. "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். தனியார் மருந்துக்கடையில் அதே மருந்து வேறொரு வியாபாரப் பெயருடன், வேறொரு நிறத்தில், பளபளப்பான அட்டையில் கிடைத்தது. மாமி அதற்குப் பழகிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது "கடைக் குளிசை".

அடுத்த ஆண்டு ஒரு நாள் இரவு அவருக்கு மூச்செடுக்க முடியாமற் போயிற்று. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தார்கள். 2018இல் வடக்குக்கும் விரிவாக்கப்பட்ட அந்த இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை விரைந்து வந்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதயம் பலவீனமடைந்ததால் நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. வைத்தியர்களும் தாதியரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் மாமி எழுந்து இருந்து கதைத்தார். துண்டும் வெட்டப்பட்டது.

அன்று அழைத்துவரப் போனவன் நான். நண்பகல் நேரம். விடுதியில் ஐந்தாறு பேருக்கு ஒரே வேளையில் துண்டு வெட்டியிருந்தார்கள். தாதி என்னிடம் ஓர் அட்டையையும் சிறு காகித உறைகளில் குளிசைகளையும் தந்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்தவற்றை வேகமாக வாசித்துக் காட்டினார். "விளங்கினதோ?" என்று கேட்டார். "ஓம் மிஸ்" என்றேன். என் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதுபவன், பட்டதாரி, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன், "இன்னொருமுறை சொல்லுங்கோ" என்று கேட்கக் கூச்சப்பட்டேன்.

வீட்டில் உறைகளை மருமகளிடம் கொடுத்தேன். தேநீர் குடித்தேன். மாலையில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டேன். அட்டை என் தோள்பையிலேயே இருந்துவிட்டது.

அடுத்து நடந்தது மிக எளிமையானது. உறையில் இருந்ததும் லொசாட்டான்தான், மூலப்பெயரில். மாமி அதனையும் போட்டார், வழமையான கடைக் குளிசையையும் போட்டார். ஒரே மருந்து இரட்டிப்பாக உள்ளே போயிற்று. உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் இன்னொரு குளிசையும் புதிதாகக் கொடுக்கப்பட்டிருந்தது. காலையிலும் மதியத்திலும் போட வேண்டியது அது. உறையில் மருத்துவர்கள் வழமையாக எழுதும் இலத்தீன் சுருக்கம் மட்டும் இருந்தது. "இரண்டு நேரம் என்றால் காலையும் இரவும்தானே" என்று மருமகள் எண்ணியதில் தவறு காண முடியாது. இரட்டை மருந்தால் குருதியமுக்கம் தாழ்ந்திருந்த உடம்பு, நடுச்சாமத்தில் சலம் முட்டி எழ வேண்டிய கட்டாயம், வளவின் மூலையில் இருக்கும் மலசலகூடம். ஐந்தாம் நாள் இரவு மாமி கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

மீண்டும் 1990. மீண்டும் வைத்தியசாலை. கடமையிலிருந்த இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "முந்தி இருந்தபோது தந்த அட்டை எங்கே?" என்பதுதான். மருமகள் தொலைபேசியில் அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். தோள்பையைத் திறந்தேன். நான்காக மடிக்கப்பட்ட அட்டை, ஒரு கூட்ட அழைப்பிதழுக்கும் பழைய பத்திரிகைக்கும் இடையில் பத்திரமாக இருந்தது. வெளியில் வாங்கிய குளிசையை நிறுத்தவேண்டும் என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதனை எழுதவில்லை. சொல்வதானால் முதற் குற்றவாளி நான். ஆயினும் ஒரு மனிதனின் மறதியால் அறுந்துபோகும் அளவுக்கு அந்தச் சங்கிலி மெலிதாக இருந்தது ஏன் என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. செய்தியாளனுக்கு உள்ள வழக்கப்படி தேடி வாசித்தேன்.

பணக்கார நாடுகளும் இதே குழியில் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவில் மெடிக்கெயர் என்ற அரச காப்புறுதியின் கீழ் சிகிச்சை பெற்ற முதியோர்பற்றிய ஆய்வொன்று 2009இல் நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழில் வெளிவந்தது. வைத்தியசாலையைவிட்டுப் போனவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாள்களுக்குள் திரும்பவும் அனுமதிக்கப்பட்டிருந்தார். இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. சத்திரசிகிச்சை அல்லாத நோய்களுக்காக இருந்து வீடு சென்று அவ்வாறு திரும்பியவர்களில் பாதிப்பேர், இடைப்பட்ட நாள்களில் எந்த வைத்தியரையும் கண்டதற்கான பதிவே இல்லை. இத்தகைய மீள்வருகை அளவுக்கு மிஞ்சிய வைத்தியசாலைகளுக்குக் கொடுப்பனவைக் குறைக்கும் நடைமுறை 2012 ஒக்ரோபரில் அங்கு தொடங்கியது. தண்டனையால் மட்டும் இது திருந்துமா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

கொலராடோவைச் சேர்ந்த எரிக் கோல்மன் என்ற மருத்துவர் வேறு வழியில் போனார். வீடு திரும்பும் நோயாளிக்கு நான்கு விடயங்கள் கைவர வேண்டும் என்றார் அவர். தன் மருந்துகளைத் தானே அறிந்து கையாளுதல், தன் நோய்ப்பதிவைத் தன் கையிலேயே வைத்திருத்தல், குறித்த காலத்தில் வைத்தியரைச் சந்தித்தல், அபாய அறிகுறிகளை அறிந்திருத்தல். பயிற்சி பெற்ற ஒருவர் வைத்தியசாலையில் ஒருமுறையும் வீட்டில் ஒருமுறையும் நோயாளியைச் சந்தித்து, பின்னர் சில தடவைகள் தொலைபேசியில் பேசினார். அவ்வளவிலேயே மீள்வருகை குறைந்தது என்பதை அவரது குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதில் விலையுயர்ந்த இயந்திரம் எதுவுமில்லை. ஒரு மனிதர் வாசற்படி ஏறி வந்தார், அவ்வளவுதான்.

அதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது மாமியின் பக்கத்து வளவு.

மாமியை நான் அழைத்துவந்த அதே கிழமையில் அந்த வீட்டுப் பிள்ளையும் தன் முதற்குழந்தையுடன் வைத்தியசாலையிலிருந்து வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஊரார் "மிட்வைஃப் மிஸ்" என்று அழைக்கும் அவர், தாயின் அட்டையையும் குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் விரித்துப் பார்த்தார். தையலைப் பார்த்தார், கொப்பூழைப் பார்த்தார், பால் கொடுப்பதைக் கூட இருந்து கவனித்தார். காய்ச்சல் வந்தால், இரத்தம் கூடுதலாகப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தாயிடமும் பேத்தியாரிடமும் சொல்லி, அவர்களைக் கொண்டு திரும்பவும் சொல்வித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்து மாமி இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாராம். "பெத்தவளுக்கு ஆள் வருது தம்பி, கிழவிக்கு ஆர் வருவினம்?" என்று பின்னர் ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்த முறையில்தான் இன்றும் மருத்துவிச்சி வீடு தேடி வருகிறார். பிள்ளை பிறந்த முதல் 10 நாள்களுக்குள் இரண்டு தடவை, 14ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளளவில் இன்னொரு தடவை என்பது ஒழுங்கு. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இந்த நூற்றாண்டில் அது ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பெண்கல்வி, மலேரியா ஒழிப்பு, வைத்தியசாலைப் பிரசவம் எனக் காரணங்கள் பல. வாசற்படி ஏறிவந்த அந்தப் பெண்களும் அவற்றுள் அடங்குவர்.

ஆக, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு ஒரு நோயாளியைக் கைமாற்றிக் கொடுப்பது எப்படி என்பது எமக்குத் தெரியாத வித்தையன்று. தாய்க்கும் சேய்க்கும் அதைச் செய்து உலகம் வியக்கக் காட்டியவர்கள் நாங்கள். பாரிசவாதம் வந்தவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும், நீரிழிவால் கால்விரல் இழந்தவருக்கும் அதே ஏற்பாடு கிடைப்பதில்லை. மக்களைக் கொல்வன பிரசவமும் தொற்றுநோயுமாக இருந்த காலத்துக்கென அமைத்த கட்டமைப்பு அது. இன்று எங்கள் கட்டில்களை நிரப்புவன வேறு நோய்கள்.

"வீட்டில் ஆக்கள் பார்ப்பினம்" என்பதுதான் இதற்கு நாம் வழமையாகச் சொல்லும் பதில். வன்னியில் அந்தப் பதில் போரோடு பாதி செத்துவிட்டது. மாமியின் மருமகள் கிளிநொச்சியிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். பேரன் உயர்தர மாணவன். பகல் முழுவதும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய அந்த வீட்டில் மாமியும் ஒரு நாயும் மட்டுமே. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களும், பிள்ளைகள் கடல்கடந்துவிட்ட முதியோரும் நிறைந்த நிலத்தில், துண்டு வெட்டும்போது "வீட்டில் பகலில் யார் இருக்கிறார்?" என்ற கேள்வியும் ஒரு மருத்துவக் கேள்வியே. போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டால் இதனை இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். வைத்தியசாலையில் ஆறிய உடம்பு, வீட்டில் புரட்டிப்படுக்க வைக்க ஆளில்லாமல் படுக்கைப்புண்ணோடு திரும்பிப் போகும்.

அயலில் செய்து பார்த்திருக்கிறார்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சிறிய அளவில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை, ஊர்த் தொண்டர்களின் கைகளில் கேரளம் முழுவதும் பரவி, 2008இல் அம்மாநில அரசின் கொள்கையாயிற்று. தாதி வீடு தேடிப் போவார், கூடவே ஊரவர் ஒருவரும் போவார். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. குருதியமுக்கத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீட்டிலேயே கொடுப்பதும், எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். குறைகள் இருக்கலாம். ஆனால் வைத்தியசாலை வாசலோடு பொறுப்பு முடிவதில்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இலங்கையில் வைத்தியர் பலர் 2022இன் பின்னர் நாட்டைவிட்டுப் போனார்கள். எஞ்சியவர்கள் களைத்திருக்கிறார்கள். அவர்களிடம் மேலும் மேலும் கேட்பது நியாயமாகாது. ஆனால் சில காரியங்களுக்குப் பணம் அதிகம் வேண்டாம். வீடு செல்லும்போது தமிழில் ஒரு தாள், அதில் மூன்று நிரல்கள்: தொடர வேண்டிய மருந்து, புதிய மருந்து, நிறுத்திய மருந்து. தாதி வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல், நோயாளியின் வாயால் அதனைத் திரும்பச் சொல்விப்பது. மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. இன்னார் வீடு திரும்பியிருக்கிறார் என்று ஊரிலுள்ள சிறிய அரச வைத்தியசாலைக்கு ஒரு தகவல். உருத்திரபுரத்திலும் அப்படியொன்று இருக்கிறது. அங்குள்ளோருக்கு மாமி வீட்டுப் படலை எதுவென்றும் தெரியும். மாமி வீடு திரும்பினார் என்பது மட்டும் தெரியாது.

மாமியின் இரண்டாவது வீடு திரும்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து வந்த அன்று நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவில்லை. பத்து நாள் நின்றேன். முதல் வேலையாக வீட்டிலிருந்த குளிசைகள் அத்தனையையும் ஒரு சுளகில் கொட்டினோம். மாமியின் பழைய குளிசைகள், செத்துப்போன மாமாவின் குளிசைகள், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நோவுக் குளிசைகள் என்று ஒரு சிறு மருந்துக்கடையே சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், தன் கடமைக்குள் அடங்காத வேலை என்று தெரிந்தும் வேலிப்பொட்டுக்குள்ளால் வந்தார். அட்டையை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். உறைகளில் காலைக்கு எழும் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை என்று வரைந்து கொடுத்தார். "இரண்டு மூன்று நாளிலை உடம்பு நிறை சடாரென்று கூடினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால் கிளினிக் நாள் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ அம்மா, உடனே வாங்கோ" என்றார். மாமி அதனைப் பாடம்போலத் திருப்பிச் சொன்னார். சொன்ன பின்னர், "இதை அண்டைக்கு ஆரும் சொல்லியிருந்தால்..." என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த நிறுத்தம் இன்றும் எனக்குள் கேட்கிறது.

மாமி அதன்பின் பதினான்கு மாதம் இருந்தார். இதயத்துக்காக ஒருமுறைதான் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. கால் வீங்கியதும் அவரே கேட்டுப் போனார், இரண்டு நாளில் திரும்பினார். ஆனால் வெள்ளிக்கிழமைக் கோவில் நடை திரும்பிவரவில்லை. நாற்கால் தடியைப் பிடித்தபடி படலைவரை வந்து, கோவில் திசையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் திரும்புவார். ரொறன்ரோவிலிருக்கும் மச்சான் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்: "எனக்கு இங்கை ஒப்பரேஷன் செய்து விட்ட இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் போன் எடுத்து எல்லாம் கேட்டவ. அம்மாவுக்கு நான்கூட அப்பிடிக் கேட்கேல்லை. காசு காணுமோ என்றுதான் கேட்டனான்."

புலம்பெயர்ந்து வாழும் பலரின் நிலை இதுவே என்று எண்ணுகிறேன். ஊரில் அம்மாவுக்கோ மாமாவுக்கோ துண்டு வெட்டிய செய்தி வரும்போது, அனுப்பும் காசோடு நான்கு கேள்விகளையும் அனுப்புங்கள். அட்டை யாருடைய கையில் இருக்கிறது? எந்தக் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள்? அடுத்த கிளினிக் என்றைக்கு? பகலில் வீட்டில் யார் நிற்கிறார்கள்?

மூன்றாம் நாள் மீண்டும் எடுத்து, இதே நான்கையும் இன்னொருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.